முடிந்துபோன கல்யாணத்துக்கு எங்கள் கோயிலில் வார்த்தை இல்லை

“மந்திரிப்பு நடந்த அன்று காலையில் உங்கள் மனநிலை எப்படி இருந்தது?” என்று கேட்டார் அந்த சாமி, ஒரு கத்தோலிக்கக் குருவானவர். மந்திரிப்பு என்று எங்கள் பக்கம் சொல்வது கோயிலில், அதாவது சர்ச்சில் நடக்கும் கல்யாணத்தை. மறைமாவட்டத்துத் திருமண நீதிமன்றம், அதாவது கல்யாண வழக்குகளை விசாரிக்கும் ஆயரின் நீதிமன்றம் என்றதும் கூண்டும் கறுப்பு கோட்டும் இருக்கும் என்று நினைத்துப் போயிருந்தேன். ஒரு மேசை, நாலு நாற்காலி, நான் சொல்வதை எழுதிக்கொள்ள ஒருவர், சத்தியம் செய்ய வேதப்புத்தகம், அவ்வளவுதான் இருந்தது. கல்யாணமாகி இரண்டு வருடத்துக்குப் பிறகு ஆரம்பித்த குடியைச் சொன்னேன், அடியைச் சொன்னேன், மகளைத் தூக்கிக்கொண்டு ராத்திரி பஸ் ஏறி அம்மா வீட்டுக்கு வந்ததைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால் கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப 2009ஆம் வருடத்து அந்த ஒரு காலைக்கே போய் நின்றது. சம்மதத்தோடுதான் வந்தீர்களா, அவர் எதையாவது மறைத்தாரா, பிள்ளை வேண்டாம் என்று யாராவது மனதுக்குள் வைத்திருந்தீர்களா, கல்யாணம் என்றால் என்ன என்று புரிந்துகொள்ளும் பக்குவம் அவருக்கு அன்று இருந்ததா.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு விஷயம் முழுதாகப் புரிந்தது. கத்தோலிக்கத் திருச்சபை விவாகரத்து கொடுப்பதில்லை. முறைப்படி மந்திரித்து, கணவன் மனைவியாக வாழ்ந்த இரண்டு ஞானஸ்நானம் பெற்றவர்களின் கல்யாணத்தைச் சாவைத் தவிர வேறு எதுவும் அவிழ்க்க முடியாது என்பது திருச்சபைச் சட்டத்தில் 1141ஆம் பிரிவு. கொடுக்க முடிந்ததெல்லாம் ஒன்றுதான்: அந்தக் கல்யாணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது, உண்மையில் அது நடக்கவே இல்லை என்ற தீர்ப்பு. அதனால்தான் அவர்கள் அடித்த நாளைப் பற்றி அவ்வளவு கேட்கவில்லை, மந்திரித்த நாளைப் பற்றிக் கேட்டார்கள். பின்னால் வந்த அடி, அன்றைக்கே இருந்த ஏதோ ஒரு குறைக்கு அடையாளமாக இருந்தால்தான் அவர்களுக்கு அது சாட்சி.

எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் காலையில் நான் சந்தோஷமாக இருந்தேன். அவரும் அப்படித்தான் இருந்தார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். எங்களுக்குக் கல்யாணம் நடந்தது, அது கொஞ்ச நாள் உயிரோடு இருந்தது, அப்புறம் செத்துப்போனது. நடக்கவே இல்லை என்று எழுதி வாங்கினால் என் மகள் யார்? (சட்டப்படி அவளுக்கு ஒன்றும் ஆகாது. நல்ல மனதோடு செய்த கல்யாணத்தில் பிறந்த பிள்ளைகள் முறைப்படியான பிள்ளைகள்தான் என்று அதே திருச்சபைச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் பத்து வயதுப் பிள்ளைக்கு நான் இதை எந்த வார்த்தையில் சொல்வேன்?)

இதை ராத்திரி போனில் என் தோழியிடம் சொல்லி அழுதேன். அவளும் நானும் ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசை. எங்கள் ஊர் மாதிரியே அவள் ஊரும் கடலோரம்தான், கோயிலுக்குப் பதில் பள்ளிவாசல். அவளும் அந்தச் சமயம் கணவரைப் பிரிந்துதான் இருந்தாள். கேட்டுவிட்டுச் சொன்னாள்: “இதென்ன புள்ள இப்படி? எனக்கு நிக்காஹ் நடந்துச்சு, ஏழு வருஷம் இருந்துச்சு, முடிஞ்சு போச்சு. நடக்கவே இல்லன்னு நான் எதுக்குச் சொல்லணும்? அல்லாஹ் பாத்துக்கிட்டுதானே இருந்தான்.”

அன்றைக்கு அவள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. முடிவுக்கு அவர்களிடம் எத்தனை வார்த்தை! கணவன் விலகினால் தலாக், மனைவி மஹரை, அதாவது கல்யாணத்தில் மாப்பிள்ளை தனக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்து விலகினால் குலா, இருவரும் பேசி விலகினால் முபாரத், மார்க்க நீதிபதியான காஜி பிரித்து வைத்தால் பஸ்க். அதற்குப் பிறகு இத்தா, கர்ப்பம் இருக்கிறதா என்று தெரியவும் மனது ஆறவும் மூன்று மாதவிடாய்க் காலம். அதற்கப்புறம் அவள் யாரையும் மணக்கலாம். நிக்காஹ் ஒரு ஒப்பந்தம், அதுவும் கனமான ஒப்பந்தம். குர்ஆனிலேயே இரண்டு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை வைத்துச் சமாதானம் பேசிப் பாருங்கள் என்று நான்காம் அத்தியாயம் சொல்கிறது. முடியாவிட்டால் நல்ல முறையில் விட்டுவிடுங்கள் என்று இரண்டாம் அத்தியாயம் சொல்கிறது. தலாக் என்றால் மூன்று தடவை கத்திவிட்டுப் போவது என்றுதான் வெளியிலிருக்கும் நாமெல்லாம் படித்தோம். அந்த ஒரே மூச்சு முத்தலாக்கை 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லி, 2019ல் அது குற்றமும் ஆகிவிட்டது. அதற்கு அப்பால் அந்த மார்க்கத்தில் பெண்ணுக்கு என்ன இருக்கிறது என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவள் சொன்ன பரீராவின் கதையை நான் மறக்க மாட்டேன். அடிமையாக இருந்து விடுதலை பெற்ற பெண் பரீரா. விடுதலை கிடைத்ததும், அடிமையாக இருந்தபோது அமைந்த கணவர் முகீஸோடு இருப்பதா விலகுவதா என்று முடிவு செய்யும் உரிமை அவளுக்கு வருகிறது. விலகுகிறாள். முகீஸ் மதீனாவின் தெருக்களில் அவள் பின்னாலேயே அழுதுகொண்டு போகிறார், கண்ணீர் தாடியில் வழிகிறது. நபிகள் நாயகமே மனமிரங்கி, அவரிடம் திரும்பப் போகலாமே என்கிறார். பரீரா கேட்கிறாள்: இது உங்கள் கட்டளையா? இல்லை, பரிந்துரைதான். அப்படியென்றால் எனக்கு அவர் தேவையில்லை. அவ்வளவுதான் கதை. யாரும் அவளைத் திட்டவில்லை. நபி சொன்னதையே ஒரு பெண் மறுக்கலாம் என்றால் ஜமாஅத் (பள்ளிவாசல் நிர்வாகம்) தலைவர் சொல்வதை நான் மறுக்கக் கூடாதா என்று கேட்டாள் என் தோழி. நபித்தோழர் சாபித் இப்னு கைஸின் மனைவி நபியிடம் வந்து, அவருடைய குணத்திலும் மார்க்கத்திலும் நான் குறை சொல்லவில்லை, ஆனால் என்னால் முடியவில்லை என்று சொன்னதும், மஹராக வாங்கிய தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நபி அனுப்பிவிட்ட சம்பவமும் நபிமொழித் தொகுப்பான ஹதீஸில் இருக்கிறது. என்ன கொடுமை நடந்தது, சாட்சி எங்கே என்று கேட்கவில்லை.

என் வேதப்புத்தகத்தில் எனக்கு என்ன இருக்கிறது என்று நானும் தேடினேன். “கடவுள் இணைத்ததை மனிதர் பிரிக்காதிருக்கட்டும்.” கல்யாண வீட்டில் கேட்கும்போது எவ்வளவு இனிமையாக இருக்கும் வசனம். இயேசு அதை எப்போது சொன்னார் என்று பாருங்கள். பரிசேயர் என்ற யூதப் பிரிவினர் வந்து, ஒருவன் தன் மனைவியை எந்தக் காரணத்துக்காகவும் விலக்கிவிடலாமா என்று கேட்டபோது சொன்னார். அன்றைக்குத் தள்ளுதற்சீட்டு எழுதுவது ஆண்தான். சாப்பாட்டைக் கருக்கிவிட்டாள் என்பதுகூடக் காரணமாகும் என்று ஹில்லேல் என்ற யூத ரபியின் வழிவந்தவர்கள் போதித்த காலம் அது. ஒரு சீட்டை எழுதிக் கையில் கொடுத்துப் பெண்ணைத் தெருவில் விட முடிந்த உலகத்தில், விடக் கூடாது என்று சொன்னார். சீடர்களே அதிர்ந்துபோய், அப்படியானால் கல்யாணம் செய்யாமலே இருக்கலாமே என்கிறார்கள். என் வாசிப்பில் அந்த வசனம் பெண்ணுக்குப் பாதுகாப்பாகச் சொன்னது. அதையே எடுத்து, அடிவாங்குகிற பெண்ணிடம் திரும்பிப் போ என்று சொல்லும்போது அது யாருக்குப் பாதுகாப்பு? மத்தேயு நற்செய்தியில் பரத்தைமை தவிர என்று ஒரு விலக்கு இருக்கிறது, மாற்குவில் அதுவும் இல்லை. பவுலடியார், நம்பிக்கையில்லாத துணை பிரிந்து போனால் போகட்டும், நீங்கள் அடிமையில்லை என்கிறார். இதையெல்லாம் வைத்துத்தான் புராட்டஸ்டன்ட் சபைகள் பல விவாகரத்தையும் மறுமணத்தையும் ஏற்கின்றன, அதிலும் சபைக்குச் சபை, ஐயருக்கு ஐயர் (போதகரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) மாறுகிறது. கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகள் இரண்டாவது கல்யாணத்தை அனுமதிக்கின்றன, அந்த வழிபாட்டிலேயே மனம் வருந்தும் ஜெபங்களும் உண்டு. எனக்கு அது பிடித்திருக்கிறது. நடந்ததை நடந்தது என்றும் உடைந்ததை உடைந்தது என்றும் சொல்லி, முழங்காலில் நின்றுவிட்டு எழுந்து நடக்கலாம்.

என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1980களில் அவர்களும் என்னைப் போலவே வந்துவிட்டார்கள். ஆனால் கோர்ட்டுக்குக்கூடப் போக முடியவில்லை. கிறிஸ்தவர்களுக்கு அன்றைக்கு இருந்தது 1869ஆம் வருடத்து இந்திய விவாகரத்துச் சட்டம், இங்கிலாந்தின் 1857 சட்டத்தைப் பார்த்து எழுதியது. கணவனுக்கு, மனைவியின் தகாத உறவை மட்டும் நிரூபித்தால் போதும். மனைவியோ தகாத உறவோடு கொடுமையையும், அல்லது தகாத உறவோடு கைவிட்டதையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். வெறும் அடிக்கு விவாகரத்து கிடையாது. இங்கிலாந்து 1923லேயே இந்த ஏற்றத்தாழ்வை நீக்கிவிட்டது, நாம் அப்படியே வைத்திருந்தோம். 1995ல் கேரள உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவின் அநியாயமான பகுதிகளை அடித்துப்போட்டது, 2001ல்தான் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அதுவரைக்கும் மாவட்ட நீதிமன்றம் கொடுத்த விவாகரத்தை உயர் நீதிமன்றம் வேறு உறுதிப்படுத்த வேண்டும். என் பெரியம்மா முப்பது வருடம் தாலியோடு தனியாக வாழ்ந்தார்கள். பூசைக்கு ஒருநாள் தவறியதில்லை, நன்மை, அதாவது பூசையில் கொடுக்கும் நற்கருணை வாங்க ஒருநாளும் எழுந்து போனதில்லை.

அந்த நன்மை விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானும் இரண்டு வருடம் கடைசி பெஞ்சில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். கோர்ட்டில் விவாகரத்து வாங்கியவள் நன்மை வாங்கக் கூடாது என்று பக்கத்தில் இருந்த பெண்கள் சொன்னார்கள், நானும் நம்பினேன். அது தவறு! பிரிந்து தனியாக வாழ்கிறவர், விவாகரத்து பெற்று மறுமணம் செய்யாமல் இருக்கிறவர், இவர்கள் நன்மை வாங்க எந்தத் தடையும் இல்லை. 1981லேயே திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் குடும்பத்தைப் பற்றி எழுதிய மடலில் இது இருக்கிறது. வேறு பங்கிலிருந்து தவக்காலத் தியானத்துக்கு வந்த ஒரு சாமி பாவசங்கீர்த்தனத்தில் எனக்கு இதைச் சொன்னார். பெரியம்மா அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் அப்படிக் கடைசி பெஞ்சில் ஒருவர் இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள். தடை வருவது, முதல் துணை உயிரோடு இருக்க, திருச்சபைத் தீர்ப்பு இல்லாமல் மறுமணம் செய்யும்போதுதான். அதிலும் 2016ல் திருத்தந்தை பிரான்சிஸ், ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், சிலருக்கு நன்மை போன்ற அருட்சாதனங்களின் உதவியும் இருக்கலாம் என்று கதவைக் கொஞ்சம் திறந்தார். ஒரு நாட்டு ஆயர்கள் அதை ஒருவிதமாகவும் இன்னொரு நாட்டு ஆயர்கள் வேறுவிதமாகவும் எடுத்துக்கொண்டார்கள்.

சரி, பொறாமைப்பட்டேன் என்றேனே, அவள் கதையின் மீதிக்கு வருகிறேன். அவர்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பார், பிரிந்தால் அவர்தான் பெட்டியைத் தூக்க வேண்டும். நான் பஸ் ஏறிய மாதிரி அவள் ஏற வேண்டியிருக்கவில்லை. இதைவிடப் பெரிய பலம் ஒரு பெண்ணுக்கு வேறு என்ன வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் பிரிவை எழுதிக் கொடுக்க வேண்டியவர் அவர்தான். அவர்கள் ஷாஃபி மத்ஹப், இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்று. அதிலும் மற்ற மத்ஹபுகளிலும் பெரும்பாலான ஆலிம்கள், அதாவது மார்க்க அறிஞர்கள், பழைய காலத்திலிருந்து சொல்லிவந்தது, குலா என்றால் கணவன் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது. அதைப் பிடித்துக்கொண்டு அவர் பேரம் பேசினார். மஹர் 11 பவுன், அதைத் தருகிறேன் என்று இவள் சொல்ல, அவர் கேட்டது அதைப்போல மூன்று மடங்கு. ஜமாஅத்தில் கூப்பிட்டுப் பேசினார்கள், அனுசரித்துப் போம்மா என்றார்கள், மறுபடி கூப்பிட்டார்கள். அவளுடைய வாப்பா கூட்டத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. கடைசியில் 2021ல் ஒரு ஷரீஅத் கவுன்சில் குலா சான்றிதழ் கொடுத்தது. இத்தா இருந்தாள். முடித்தாள்.

அப்போது எங்கள் இருவர் நிலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்னிடம் கோர்ட் தீர்ப்பு இருக்கிறது, கோயில் தீர்ப்பு இல்லை. அவளிடம் மார்க்கத்தின் சான்றிதழ் இருக்கிறது, கோர்ட் தீர்ப்பு இல்லை. எனக்கு கோயில் தீர்ப்பு முதலில் கிடைத்திருந்தாலும் அதை வைத்து மட்டும் மறுமணம் செய்ய முடியாது, திருச்சபை நீதிமன்றம் கொடுக்கும் தீர்ப்பு நாட்டின் சட்டத்தில் விவாகரத்து ஆகாது என்று 1996ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2017ல் அதையே மறுபடி உறுதி செய்தது. அவள் விஷயத்தில் 2023 தொடக்கத்தில் இடி விழுந்தது. இன்னொரு தம்பதியின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், குலா பெண்ணின் பறிக்க முடியாத உரிமைதான், ஆனால் அதைக் குடும்ப நல நீதிமன்றத்தில் கேட்க வேண்டும், சில பேர் சேர்ந்து நடத்தும் தனியார் அமைப்பு சான்றிதழ் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டது. பக்கத்துக் கேரளாவில் 2021லேயே, கோர்ட்டுக்குப் போகாமல் பெண் சொல்லும் குலாவும் செல்லும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது, மறுவருடம் கணவன் சம்மதம் தேவையில்லை என்றும் தெளிவாக்கியது. செங்கோட்டையைத் தாண்டினால் ஒரு சட்டம், தாண்டாவிட்டால் வேறு.

அவளுக்கு அந்தச் சமயம் வரன் வந்திருந்தது, நல்ல மனிதர், மனைவியை இழந்தவர். நிக்காஹ் செய்துகொண்டால் முதல் கணவர் அந்தத் தீர்ப்பைக் காட்டி, இவள் இன்னும் என் மனைவி என்று வழக்குப் போடலாம், கணவன் உயிரோடிருக்க மறுமணம் செய்தாள் என்பது குற்றவியல் வழக்கு. அல்லாஹ்வின் முன்னால் விடுதலையானவள் கோர்ட்டின் முன்னால் கட்டுண்டவளாக இருந்தாள். நானோ நேர் எதிர். பழைய ஆட்கள் சொல்வது அவளுக்கு நினைவு வந்தது. பிரிட்டிஷ் காலத்தில் பஞ்சாப் பக்கம், கணவன் விடாததால் மதம் மாறினால் நிக்காஹ் முறியும் என்று முஸ்லிம் பெண்கள் மதத்தையே விட்டுப் போனார்கள். ஹனஃபி சட்டத்தில் அவர்களுக்கு வேறு வழி இல்லை என்பதைக் கண்டு அஷ்ரஃப் அலி தானவி போன்ற ஆலிம்களே இன்னொரு மத்ஹபான மாலிக்கி சட்டத்திலிருந்து வழியெடுத்துக் கொடுத்தார்கள், அதன் தொடர்ச்சியாக 1939ல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் வந்தது. “அந்த ஆலிமுங்களுக்கு இருந்த பதைப்பு நம்ம ஊர்ல ஒருத்தருக்கும் இல்லையே புள்ள” என்றாள்.

மறுமணத்தைப் பற்றி எங்கள் இரண்டு ஊரும் ஒரே மாதிரிதான் பார்க்கின்றன என்பது எனக்குத் தாங்க முடியாத விஷயம். எங்களுக்காவது வசனம் இருக்கிறது, விலக்கிவிட்டு மறுமணம் செய்வது விபசாரம் என்று மாற்கு எழுதி வைத்திருக்கிறார், அதனால் பயப்படுகிறார்கள் என்று சொல்லலாம். என் கணவர் இறந்திருந்தால் என் ஓலையை, அதாவது மறுமண அறிவிப்பை, மூன்று ஞாயிறு பூசையில் வாசித்து ஊரே வாழ்த்தியிருக்கும். இதை எழுதும்போது கை கூசுகிறது, அவர் நன்றாக இருக்கட்டும். ஆனால் அவர்களுக்கு என்ன? ஆயிஷாவைத் தவிர நபிகளின் மனைவிமார் எல்லோருமே ஏற்கெனவே கல்யாணமாகி விதவையானவர்கள் அல்லது விலக்குப் பெற்றவர்கள். கதீஜா நாயகியே முன்பு கல்யாணமானவர். அப்படியொரு வீட்டை முன்மாதிரியாகக் கொண்ட ஊரில், குலா வாங்கியவள் என்றதும் அறுபது வயதுக்காரர் வரன் வருகிறது, கல்யாண வீட்டில் மணப்பெண்ணுக்கு மருதாணி வைக்க அவளைக் கூப்பிட யோசிக்கிறார்கள். அவள் அம்மாவைத் தவிர யாரும் அவளிடம் கதீஜா நாயகியைப் பற்றிப் பேசவில்லை.

அவள் குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போனாள். இரண்டு வருடம். நான் லீவு போட்டுக் கூடப் போன நாட்கள் உண்டு, வராண்டாவில் பர்தா போட்டவர்களும் சிலுவை போட்டவர்களும் மஞ்சள் கயிறு போட்டவர்களும் ஒரே பெஞ்சில் டோக்கனுக்குக் காத்திருந்தோம். 2025 கோடையில் தீர்ப்பு வந்தது. வந்த அன்றே அவளுக்கு ஒரு சந்தேகம்: இத்தாவை எந்தத் தேதியிலிருந்து கணக்குப் பார்ப்பது, 2021லேயே முடிந்ததா, இல்லை தீர்ப்புத் தேதியிலிருந்து மறுபடியா? ஆலிம்சாவிடம் கேட்டாள். அது எப்பவோ முடிந்துவிட்டது, நீ தாராளமாக நிக்காஹ் செய்யலாம் என்றார். ஆனாலும் பின்னால் ஒரு ஆள் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்று மறுபடியும் மூன்று மாதம் இருந்தாள். அந்த மனிதர் காத்திருந்தார்.

நிக்காஹ் அவள் வீட்டில் நடந்தது. மாடியில் பெண்களோடு நான் உட்கார்ந்திருந்தேன், என் மகளும் வந்திருந்தாள். கீழே ஒலிபெருக்கியில் மஹர் எவ்வளவு என்று சொல்லும்போது என் தோழி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நிக்காஹ் பதிவேடான தப்தரில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பியவள் என் காதில், “உன் கடிதாசி வந்துச்சா புள்ள?” என்று கேட்டாள்.

வரவில்லை. திருச்சபை வழக்கு முதல் நீதிமன்றத்தில் ஒரு வருடத்துக்குள் முடிய வேண்டும் என்றுதான் சட்டம், 2015ல் திருத்தந்தை பிரான்சிஸ் இரண்டாவது நீதிமன்றமும் கட்டாயம் ஒப்ப வேண்டும் என்ற பழைய விதியை எடுத்து அதை இன்னும் லேசாக்கினார். நான் மனுக் கொடுத்து நாலு வருடமாகிறது. போன வாரம் விசாரித்தபோது, இன்னும் ஒரு சாட்சியை அழைத்து வரச் சொன்னார்கள், கல்யாணத்தன்று என் பக்கத்தில் இருந்தவராக இருக்க வேண்டுமாம். என் அக்காவைக் கூட்டிப்போகிறேன். அவளிடம் ஒன்று மட்டும் சொல்லியிருக்கிறேன், அன்று நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மாற்றிச் சொல்லாதே என்று.